"மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க!" திடீரென உயிர்விட்ட வீட்டு கம்ப்யூட்டர்... நம்புவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

"பாப்பா, கம்ப்யூட்டர் செத்துப்போச்சுடி!"

சனிக்கிழமை மாலை 6 மணி இருக்கும். கும்பகோணத்திலிருந்து சித்தியின் போன். குரலைக் கேட்டபோது, யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் முதலில் பயந்தேன்.

சித்தி தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். வீட்டுக் கூடத்தில், டி.வி-க்கு எதிரே ஒரு டேபிள், அதில் எட்டு வருடப் பழைய டெஸ்க்டாப். அதுதான் அவர் ஆபீஸ். கல்லூரி மாணவர்களின் ஆய்வேடு, கல்யாணப் பத்திரிகை மேட்டர், பட்டா மாற்றத்துக்கான மனு என எல்லாவற்றையும் தட்டச்சு செய்து கொடுப்பார். வீட்டு மளிகைச் செலவும் தம்பியின் ஹாஸ்டல் ஃபீஸில் பாதியும் அந்தக் கீபோர்டிலிருந்துதான் வருகிறது.

வெள்ளிக்கிழமை ராத்திரி கும்பகோணத்தில் நல்ல இடி, மின்னல். கரன்ட் மூன்று முறை போய்ப் போய் வந்திருக்கிறது. சித்தி கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டார், பிளக்கைப் பிடுங்கவில்லை. காலையில் பட்டனை அழுத்தினால் சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. உள்ளே இருப்பது 260 பக்க ஆய்வேடு. திங்கள்கிழமை காலை 11 மணிக்கு அந்த மாணவி பிரின்ட் எடுத்து பைண்டிங் கொடுக்க வேண்டும். வேறு எங்கும் காப்பி கிடையாது.

"கிளவுடுல போட்டு வைக்கலையா சித்தி?"

"கிளவுடுன்னா வானத்துல இருக்கறதுதான் எனக்குத் தெரியும். அதுதானே இந்த வேலையைப் பார்த்திருக்கு!"

மதியம் ஒரு கடைக்காரர் வந்து பார்த்திருக்கிறார். பட்டனை இரண்டு முறை அழுத்தினாராம். கேபினெட்டைத் திறக்கவே இல்லை. "போர்டு போயிடுச்சும்மா. இந்த மாடலுக்கு இப்ப போர்டு கிடைக்காது. புது சிஸ்டமா போட்டுக்குங்க, 32,000 ஆகும். பழைய டேட்டா வேணும்னா தனி சார்ஜ்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நான் எழுதுகிற ஆள். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற ஆள் இல்லை. உடனே எங்கள் ஆபீஸின் சிஸ்டம் அட்மின் அண்ணனுக்கு போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே பாதி விஷயம் தெளிந்துவிட்டது.

"கரன்டே வரலையா, படம் வரலையா?"

'ஆன் ஆகலை' என்றால் என்ன அர்த்தம்?

நம் வீடுகளில் "கம்ப்யூட்டர் ஆன் ஆகலை" என்ற ஒரே வாக்கியத்தை நாலைந்து வெவ்வேறு நோய்களுக்குச் சொல்கிறோம். டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்வது மாதிரிதான் இது.

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, ஸ்க்ரீன் மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் கரன்ட் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். பிரச்னை மானிட்டர் கேபிளிலோ, ரேமிலோ, கிராஃபிக்ஸ் கார்டிலோ இருக்கலாம். மானிட்டரின் சின்ன லைட் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கிக்கொண்டிருந்தால், மானிட்டர் அனேகமாக நன்றாகத்தான் இருக்கிறது; அதற்கு சிக்னல் வரவில்லை, அவ்வளவே. 'பீப் பீப்' என்று சத்தம் வந்தால் இன்னும் நல்லது. கம்ப்யூட்டரே தன் நோயைச் சொல்கிறது. அந்தச் சத்தத்தை போனில் ரெக்கார்டு செய்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பீப் என்பதை வைத்தே மெக்கானிக்கால் ஓரளவு கண்டுபிடித்துவிட முடியும்.

கம்பெனி லோகோ வரை வந்து நின்றுவிட்டால் அது ஹார்டு டிஸ்க் அல்லது விண்டோஸ் விவகாரம். ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிட்டால், உள்ளே எங்கோ ஷார்ட் ஆகி, பாதுகாப்புக்காகத் தானே அணைந்துகொள்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஒன்றுமே இல்லை, சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை என்றால்தான் அது கரன்ட் வழிப் பிரச்னை. பார்க்க பயங்கரமாக இருந்தாலும், குறைந்த செலவில் முடிய நிறைய வாய்ப்புள்ளது இதில்தான். சித்தி வீட்டில் இதுதான்.

சுவரிலிருந்து ஆரம்பியுங்கள்

வீடியோ காலில் சித்தியை உட்கார வைத்து, அண்ணனையும் கான்ஃபரன்ஸில் சேர்த்தேன். "சுவர்லேருந்து ஆரம்பிக்கலாம்மா. கரன்ட் எந்த வழியா வருதோ அதே வழியா நாமளும் போகலாம்" என்றார் அவர்.

முதலில் பிளக் பாயின்ட். சுவிட்சில் இண்டிகேட்டர் எரிவதை வைத்து நம்பிவிடக் கூடாது. அதே பாயின்ட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பார்க்க வேண்டும். சித்தி செருகினார், சார்ஜ் ஏறியது. அடுத்து, ஸ்பைக் பஸ்டர். நாலு பிளக், ஒரு சிவப்பு சுவிட்ச் உள்ள அந்தப் பெட்டியின் ஓரத்தில் சில மாடல்களில் ஒரு குட்டி ரீசெட் பட்டன் இருக்கும், சிலவற்றில் ஃபியூஸ் இருக்கும். வோல்டேஜ் எகிறும்போது அல்லது லோடு கூடும்போது அது தூக்கிக்கொள்ளும். பல வீடுகளில் கம்ப்யூட்டர் 'செத்துப்போவது' இந்த இடத்தில்தான்.

பிறகு யுபிஎஸ். அதில் இருக்கும் பேட்டரிக்கு மூன்று வருடம் ஆயுள் என்றாலே பெரிய விஷயம். பேட்டரி முழுசாக உட்கார்ந்துவிட்டால், வீட்டில் கரன்ட் இருந்தாலும் சில யுபிஎஸ்கள் ஆன் ஆகவே மறுக்கும். நாம் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம். அதனால் யுபிஎஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு, கம்ப்யூட்டர் வயரை நேரடியாகச் சுவர் பாயின்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும். சித்தி செருகினார். அசைவில்லை.

அடுத்ததுதான் எனக்கே புதிது. சிபியு என்று நாம் சொல்லும் பெட்டியின் பின்னால் போகும் தடித்த கறுப்பு வயரும், பல மானிட்டர்களுக்குப் போகும் வயரும் ஒரே அச்சு. இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்த்தால், வயரில் கோளாறா என்று ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துவிடும். மாற்றினார். மானிட்டர் எரிந்தது, பெட்டி எழவில்லை. ஆக, வயரும் குற்றவாளி இல்லை.

"பெட்டிக்குப் பின்னாடி, வயர் சேர்ற இடத்துல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கா பாருங்கம்மா. கோடு போட்ட பக்கம் அமுங்கியிருக்கா, வட்டம் போட்ட பக்கம் அமுங்கியிருக்கா?"

கோடு என்றால் ஆன். வட்டம் என்றால் ஆஃப். ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் அண்ணனுக்கு வரும் போன்களில் இந்த சுவிட்ச் கேஸ் கட்டாயம் இருக்குமாம். பெட்டியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்கும்போது கை பட்டு சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கும். மறுநாள் வீடே கலவரப்படும். (ஈரத் துணியால் துடைப்பதும், விபூதியை ஃபேன் ஓட்டை மேல் பூசுவதும் தனிக்கதை.) பழைய பெட்டிகளில் அதன் பக்கத்திலேயே 115, 230 என்று எழுதிய சிவப்பு நிறத் தள்ளு சுவிட்ச் ஒன்றும் இருக்கலாம். அதை மட்டும் தொடாதீர்கள். நம் ஊர் கரன்ட் 230 வோல்ட். அதை 115-க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் 'டப்' என்ற சத்தத்தோடு கதை முடியும்.

சித்தி வீட்டில் கோடு பக்கம்தான் அமுங்கியிருந்தது.

"சரிம்மா, பிளக்கைப் பிடுங்குங்க. பிடுங்கியாச்சா? இப்ப முன்னாடி பட்டனை 30 செகண்டு அழுத்திப் பிடிங்க. அப்புறம் ஒரு பத்து நிமிஷம் சும்மா விடுங்க. காபி குடிச்சுட்டு வந்து செருகுங்க."

இது மந்திரம் இல்லை. வோல்டேஜ் தாறுமாறாகும்போது, உள்ளே இருக்கும் பவர் சப்ளை தன்னைத் தானே பூட்டிக்கொள்வதுண்டு. மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்தால்தான் பூட்டு திறக்கும். லேப்டாப்புக்கும் இதே வைத்தியம்தான்: சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜர் செருகி ஆன் செய்ய வேண்டும். 'செத்த' லேப்டாப்கள் இதில் எழுவதை நானே ஆபீஸில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஆனால், லேப்டாப்பின் அடிப்பாகமோ டச்பேடோ உப்பிக்கொண்டிருந்தால் இந்த வேலையெல்லாம் வேண்டாம். பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் போடாமல், அழுத்தாமல், நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

சித்தி காபி குடித்துவிட்டு வந்தார். பட்டனை அழுத்தினார். கூடத்தில் சீரியல் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மவுஸின் சிவப்பு வெளிச்சம்

"மவுஸைத் திருப்பிப் பாருங்கம்மா, சிவப்பா எரியுதா? பின்னாடி இன்டர்நெட் வயர் செருகற இடத்துல பச்சை லைட் ஏதாவது?"

எதுவும் இல்லை. "மத்த நாள்ல ஷட் டவுன் பண்ணினாலும் மவுஸ் எரியுமா?" எரியுமாம். ராத்திரி கண்ணை உறுத்துகிறது என்று சித்தி அதன் மேல் துண்டு போட்டு மூடுவாராம்.

இந்தத் துண்டுக் கதைதான் துப்பு. பெட்டிக்குள் பின்பக்கம் ஒரு இரும்பு டப்பா இருக்கிறது. பெயர் எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாகப் பிரித்து உள்ளே இருக்கும் பாகங்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும், பிளக்கில் கரன்ட் இருக்கும்வரை, 5 வோல்ட்டை மட்டும் அது விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் மாதிரி. நீங்கள் பட்டனை அழுத்துவதை மதர்போர்டு கவனிப்பதே அந்த 5 வோல்ட்டில்தான். அணைந்த கம்ப்யூட்டரில் மவுஸ் எரிவதும் அதனால்தான்.

அந்த வெளிச்சம் போய்விட்டது என்றால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். எல்லா மாடலிலும் மவுஸ் இப்படி எரியாது என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. வழக்கமாக எரிந்தது இப்போது எரியவில்லை என்பதுதான் விஷயம். மின்னல் அடித்த ராத்திரி, சுவர் கரன்ட்டை முதலில் நெஞ்சில் வாங்குவதும் இந்த டப்பாதான்.

"ஆனா அதைத் திறந்துடாதீங்க" என்று அண்ணன் இரண்டு முறை சொன்னார். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கும். யூடியூபில் எத்தனை வீடியோ இருந்தாலும் சரி, அந்த டப்பாவின் ஸ்க்ரூவில் வீட்டு ஆட்கள் கை வைக்கக் கூடாது. போனால் முழுசாக மாற்றுவதுதான் முறை.

முதலில் ஃபைல், அப்புறம்தான் ரிப்பேர்

மணி எட்டாகிவிட்டது. சித்தி அழ ஆரம்பித்துவிட்டார். கம்ப்யூட்டருக்காக இல்லை. "அந்தப் பொண்ணு வயித்துப் பிள்ளையோட அலையறாடி. திங்கட்கிழமை விட்டா தேதி தள்ளிப்போயிடும்கறா. நான் எந்த மூஞ்சியோட சொல்வேன்?"

இங்கேதான் நாங்கள் எல்லோரும் ஒரு விஷயத்தை மறந்திருந்தோம். ஆய்வேடு இருப்பது மதர்போர்டில் இல்லை, ஹார்டு டிஸ்க்கில். நோட்டுப் புத்தகம் இருக்கும் பீரோவின் பூட்டு கெட்டுப்போனால் நோட்டு எரிந்துபோய்விடுமா? எஸ்எம்பிஎஸ் போகட்டும், மதர்போர்டே போகட்டும், பெரும்பாலும் டிஸ்க் பத்திரமாகவே இருக்கும்.

எதிர்வீட்டுப் பையன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம். சித்தி கூப்பிட்டதும் ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிட்டான். பிளக் பிடுங்கப்பட்டிருப்பதை உறுதி செய்துகொண்டு, கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். நாலு ஸ்க்ரூ, இரண்டு கேபிள், அவ்வளவுதான். ஹார்டு டிஸ்க் கைக்கு வந்தது. அதைத் தன் வீட்டு டெஸ்க்டாப்பில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினான். ராத்திரி 9.40-க்கு அவன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான்: ஸ்க்ரீனில் சித்தியின் ஃபோல்டர், அதற்குள் 'ஆய்வேடு இறுதி', 'ஆய்வேடு இறுதி 2', 'ஆய்வேடு உண்மையான இறுதி'.

மூன்றையும் பென்டிரைவில் ஏற்றி, அந்த மாணவிக்கு இமெயிலும் செய்துவிட்டார்கள். நான் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

இப்படி டிஸ்க்கைக் கழற்றிப் படிக்க, எதிர்வீட்டு கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. டிஸ்க்கை யுஎஸ்பி-யில் இணைக்கும் கேஸ் கடைகளில் கிடைக்கிறது. லேப்டாப்பின் சின்ன டிஸ்க்குக்கு யுஎஸ்பி கரன்ட்டே போதும். டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டரோடு வரும் கேஸ் வேண்டும். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று தட்டும் சத்தம் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். மறுபடி மறுபடி ஓட்டினால் மிச்சமும் போய்விடும்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், பிட்லாக்கர் என்பார்கள். அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப் நன்றாக இருக்கும் இன்றைக்கே அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். இதை எழுதும்போதுதான் நானும் என்னுடையதைத் தேடி எடுத்தேன்.

தீர்ப்பு மாறிய ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் காலை அந்தத் தம்பி மல்டிமீட்டரோடு வந்தான். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பெரிய 24 பின் கனெக்டரைக் கழற்றி, அதில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சேர்த்தான். மதர்போர்டின் தயவில்லாமல் எஸ்எம்பிஎஸ் மட்டும் ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. நல்ல நிலையில் இருந்தால் அதன் ஃபேன் சுற்றும். சுற்றவில்லை. (படித்துவிட்டு நீங்களும் வயரைச் சேர்க்க வேண்டாம். தெரிந்தவர்கள் செய்யட்டும்.)

பிறகு தன் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக்கொண்டு வந்து சித்தியின் மதர்போர்டில் மாட்டினான். பட்டனை அழுத்தியதும் 'ஊ...ம்' என்று ஃபேன் சுற்றியது. வீடியோ காலில் இந்தப் பக்கம் நானும் கத்திவிட்டேன்.

கடைக்காரர் 'போய்விட்டது' என்ற மதர்போர்டு உயிரோடுதான் இருந்தது. ஆனால் ஸ்க்ரீனில் ஒரு எரர்: தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது, எஃப்1 அழுத்தச் சொன்னது. அது வேறொன்றும் இல்லை, மதர்போர்டில் சட்டைப் பட்டன் மாதிரி இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். திங்கட்கிழமை புது எஸ்எம்பிஎஸ் 1,450 ரூபாய், பட்டன் பேட்டரி 40 ரூபாய். 32,000-க்குப் பதிலாக 1,490.

அந்தக் கடைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல எனக்கு மனமில்லை. எட்டு வருடப் பழைய பெட்டி, சனிக்கிழமை, நாலு இடத்திலிருந்து போன். அனுபவத்தில் ஒன்றை ஊகித்துச் சொல்லியிருப்பார். மதர்போர்டு நிஜமாகவே போவதும் உண்டு. மேலே தட்டையாக இருக்க வேண்டிய கெபாசிட்டர்கள் உப்பியிருக்கும், கருகிய தடம் தெரியும், கடலோர ஊர்களில் பச்சை படிந்த துரு இருக்கும், சில வீடுகளில் கதகதப்புக்காக உள்ளே போன பல்லி ஷார்ட் அடித்துச் செத்துக் கிடக்கும். ஆனால், இதில் எதையும் பெட்டியைத் திறக்காமல் பார்க்க முடியாது. என் வருத்தம் அதில்தான்.

அதனால் உங்களிடம் யாராவது "போர்டு போச்சு" என்றால், சண்டை போடாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "வேற எஸ்எம்பிஎஸ் போட்டுப் பார்த்தீங்களா?" பார்த்திருந்தால் அவர் பேச்சில் நியாயம் இருக்கும். பெட்டியைக் கடையில் விடுவதானால், ஹார்டு டிஸ்க் மேல் உள்ள லேபிளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் இரண்டு சில்லறைக் கோளாறுகளும் பெரிய செலவாகக் காட்டப்படுவதுண்டு என்கிறார் அட்மின் அண்ணன். ஒன்று, முன்பக்கப் பவர் பட்டன். வருடக்கணக்கில் குத்திக் குத்தி அது உள்ளே உடைந்திருக்கும். பக்கத்தில் ரீசெட் பட்டன் இருந்தால், அதன் வயரை பவர் பட்டன் வயரின் இடத்தில் மாட்டிவிட்டால் போதும். அதன் பிறகு ரீசெட்தான் உங்கள் பவர் பட்டன். செலவு பூஜ்யம். இன்னொன்று ரேம். ஃபேன் சுற்றியும் படம் வராத பெட்டிகளில், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, துகளை ஊதிவிட்டு, 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுவார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். பல நேரம் வேலை செய்யும்.

கருகிய வாடையோ புகையோ வந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் செய்யாதீர்கள். சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆளைக் கூப்பிடுங்கள். "இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போமே" என்ற ஆசைதான் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இடி இடித்தால்...

ஸ்பைக் பஸ்டர் இருக்கிறதே என்று மின்னல் விஷயத்தில் நிம்மதியாக இருக்க முடியாது. சின்னச் சின்ன வோல்டேஜ் ஏற்றங்களை அது தாங்கும். அதுவும் வீட்டில் எர்த் ஒழுங்காக இருந்தால்தான். பக்கத்தில் மின்னல் விழுந்தால் அதுவும் சேர்ந்தே போகும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி வைப்பதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை. அதையும் இடி நெருங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பலரும் மறப்பது இன்டர்நெட் மோடத்திலிருந்து வரும் லேன் வயரை. பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு லேன் வயரை விட்டுவைத்தால், அந்த வழியாகவும் அடி விழும்.

அந்த மாணவி திங்கட்கிழமை பத்தரைக்கே பிரின்ட் எடுத்துவிட்டார். சித்திக்கு ஒரு டப்பா பால்கோவா வந்தது. அதில் பாதி எதிர்வீட்டுக்குப் போனது. இப்போது தினமும் ராத்திரி வேலை முடிந்ததும் ஃபோல்டரை பென்டிரைவில் ஏற்றி, அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைக்கிறார். கூகுள் டிரைவையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "அதுல போட்டா யாராவது படிச்சுடுவாங்களா?" என்று இன்னும் சந்தேகம் தீரவில்லை.

நேற்று ராத்திரி பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்தினார். "இருடி, தூரத்துல உறுமுது. மூணு வயரையும் பிடுங்கிட்டு வரேன்" என்று போனை டேபிளில் வைத்துவிட்டுப் போனார்.